ஆரவல்லியில் சைக்கிள் தடங்கள்: காட்டின் ஒற்றையடிப் பாதை யாருக்கு?

எருமை, காளை, ஒட்டகம், கழுதை, யானை, குதிரை, கோவேறு கழுதை ஆகிய அனைத்தும் வாகனங்களே. இவ்வாறு சொல்வது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நிலத்திலோ, நீரிலோ, வானிலோ செல்லப் பயன்படும் எதுவும் வாகனமே என்று பொதுவாக வரையறுத்துவிட்டு, பிறகு யாரும் ஐயம் எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக அதன் 2-வது பிரிவில் இந்த விலங்குகளின் பட்டியலையும் சேர்த்து வைத்தனர். அப்பட்டியலில் சைக்கிள் இல்லை. சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கு எவருக்கும் தோன்றியிருக்க நியாயமும் இல்லை. தபால்காரரும், பால்காரரும், பள்ளி ஆசிரியரும் ஓட்டிய வண்டி அது. காட்டுக்குள் கல்லிலும் முள்ளிலும் அதைப் பொழுதுபோக்குக்காக ஓட்டிச் செல்ல ஒரு கூட்டம் வரும் என்று 1972-இல் யாராவது அவையில் பேசியிருந்தால் சிரிப்பொலிதான் எழுந்திருக்கும்.

அந்தக் கூட்டம் வந்துவிட்டது. தில்லியின் தெற்கு எல்லையிலும், ஹரியாணாவின் குருகிராம், ஃபரீதாபாத் மாவட்டங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலரும் முன்பே ஆரவல்லிக் குன்றுகளை நோக்கிச் செல்லும் சைக்கிள்களைக் காணலாம். தடித்த டயர், குலுங்கலைத் தாங்கும் முன் கவட்டை, டிஸ்க் பிரேக், தலைக்கவசம் என எல்லாம் மலைப்பாதைக்கென்றே செய்யப்பட்டவை. சில சைக்கிள்களின் விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டும். ஓட்டுவோரில் பெரும்பாலானோர் குருகிராமின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்பவர்கள். வாரத்தில் ஐந்து நாள் நெரிசலிலும் புகையிலும் கழிப்பவர்கள், ஆறாவது நாளிலோ ஏழாவது நாளிலோ காற்றைத் தேடிக் குன்றேறுகிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை.

ஆனால் அவர்கள் ஓட்டும் பாதை எத்தகைய நிலத்தில் செல்கிறது, அந்நிலம் சட்டப்படி காடா, புறம்போக்கா, பட்டா நிலமா, அங்கே நுழைய அனுமதி வேண்டுமா, வேண்டுமெனில் யார் தர வேண்டும் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு விடை கிடைக்கிறது. ஆரவல்லியின் எதிர்காலத்தை முன்வைத்து நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் கடந்த சில ஆண்டுகளாக நடந்துவரும் பெரும் வழக்காடலின் ஒரு சிறு கிளைதான் இந்தச் சைக்கிள் தடம். சிறு கிளையாயினும் அதைப் பிடித்துக்கொண்டு போனால் அடிமரத்துக்குச் சென்றுவிடலாம்.

ஆடு போன வழி, லாரி போன வழி

இப்பாதைகளை யாரும் திட்டமிட்டுப் போடவில்லை. பெரும்பகுதி ஆடு மாடுகளும், விறகு சுமந்த பெண்களும் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள். எஞ்சியவை கல் குவாரிகளுக்கும், பதர்பூர் மணல் எனப்படும் செம்மணல் குழிகளுக்கும் சென்றுவந்த லாரிகளின் தடங்கள்.

தில்லியின் தலைக்கட்டு வேலைகள் பலவற்றுக்கும் கல்லும் மணலும் கொடுத்த குன்றுகள் இவை. தில்லி எல்லையில் பாட்டி சுரங்கங்கள் 1990-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டன. ஹரியாணா பகுதியில் 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2009-இல் ஃபரீதாபாத், குர்காவ்ன், மேவாத் ஆகிய மூன்று மாவட்டங்களின் ஆரவல்லிப் பகுதியில் சுரங்கப் பணிக்கு முழுத்தடை விதிக்கப்பட்டது. லாரிகள் நின்றன. தடங்கள் நின்றுவிடவில்லை. குழிகளில் நீர் தேங்கி ஏரிகளாயின. தடங்களின் ஓரம் முள் வளர்ந்தது. சில ஆண்டுகளில் சைக்கிள்கள் வந்து சேர்ந்தன.

அந்த முள் எது என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே விலாயதி கீகர் என்பார்கள்; அங்கே சீமைக் கருவேலம். ராமநாதபுரத்துக் கண்மாய்களைத் தின்ற அதே மரம், ஆங்கிலேயர் காலத்தில் தலைநகரின் குன்றுகளைப் பசுமையாக்குவதற்கென்று விதைக்கப்பட்டது. பச்சை வந்தது, அதன் அடியில் வேறு எதுவும் வளரவில்லை. இம்மரத்தை அகற்றுவது குறித்து சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகள் நினைவிருக்கும். தில்லியிலும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

அகற்றிக் காட்டிய இடமும் ஒன்று உண்டு. குருகிராமில் தில்லி எல்லையை ஒட்டி, குவாரிகளால் குதறப்பட்டுக் கிடந்த சுமார் 380 ஏக்கர் நிலத்தில் 2010-ஆம் ஆண்டு ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா தொடங்கப்பட்டது. மாநகராட்சியின் நிலம், குடிமக்கள் அமைப்பு ஒன்றின் உழைப்பு. சீமைக் கருவேலத்தைப் படிப்படியாக நீக்கி, ஆரவல்லிக்கே உரிய தௌ, சாம்பிராணிப் பிசின் தரும் சலை, புரசு முதலிய மரங்களை நாற்றங்காலில் வளர்த்து நட்டனர். 2022 பிப்ரவரியில், தேசியப் பூங்காவோ சரணாலயமோ அல்லாத போதிலும் பல்லுயிரைக் காக்கும் இடம் என்ற சர்வதேச வகைப்பாட்டில் இந்தியாவிலேயே முதலாவதாக இப்பூங்கா சேர்க்கப்பட்டது. புறநகர்க் காடு என்பது ஊருக்கு ஒதுக்குப்புறமான வெற்றிடம் அல்ல, உழைத்தால் மீட்கக்கூடிய சொத்து என்பதற்கு அரசு காட்டும் உதாரணமும் இதுவே. அந்த உதாரணத்தைச் சுற்றிலும் அதே அரசுகள் என்ன செய்கின்றன என்பது வேறு கதை. குருகிராம் - ஃபரீதாபாத் சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் பந்த்வாரியின் குப்பை மலை ஆரவல்லிக் குன்றுகளுக்குப் போட்டியாக எழுந்து நிற்கிறது.

சிறுத்தை வீட்டில் திருவிழா

தில்லிக்குள் வந்தால் சட்டம் கடுமையாகிறது. தலைநகரின் முதுகெலும்பு போல ஓடும் ஆரவல்லியின் வால்பகுதிக்கு ரிட்ஜ் என்று பெயர். மொத்தம் 7,777 ஹெக்டேர். அதில் தெற்கு ரிட்ஜ் மட்டும் 6,200 ஹெக்டேர். அதனுள்தான் அசோலா - பாட்டி வன உயிரினச் சரணாலயம் உள்ளது. பரப்பு 32.71 சதுர கிலோமீட்டர். மேலே சொன்ன பாட்டி சுரங்கங்களின் குழிகள் எல்லாம் இப்போது இதற்குள் அடங்கிவிட்டன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் தானியங்கிக் கேமராக்களை வைத்து நடத்திய ஆய்வில் 8 சிறுத்தைகள் இங்கே பதிவாயின. 2022-இல் இது வெளியானபோது தில்லிவாசிகளே வியந்தனர். மெட்ரோ ரயில் ஓடும் ஊரில் சிறுத்தை வாழ்கிறது என்பது பெருமைக்குரிய செய்திதான்.

அந்தப் பெருமையை ஊரறியச் செய்ய தில்லி வனத்துறை முயன்றபோதுதான் சிக்கல் எழுந்தது. 2023 டிசம்பரில் இச்சரணாலயத்துக்குள் அரை மாரத்தான் ஓட்டம் உள்ளிட்ட நிகழ்ச்சிகளுடன் 'வன உயிரினங்களுடன் நடப்போம்' என்ற விழாவுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. சிறுத்தைகள் உலவும் காட்டில் கூட்டம் கூட்டுவது மனிதருக்கும் நல்லதன்று, விலங்குக்கும் நல்லதன்று என்று வழக்குத் தொடரப்பட, தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு விழாவை நடத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. காட்டைக் காக்க வேண்டிய துறையே நீதிமன்றத்தால் காட்டிலிருந்து தடுத்து நிறுத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சரணாலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்கிறது வன உயிரினச் சட்டத்தின் 27-வது, 28-வது பிரிவு. ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே வசிப்போருடன் முறையான அலுவல் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே அது தரப்படும். சைக்கிள் ஓட்டுவது சுற்றுலாவில் அடங்குமா, விளையாட்டா? தலைமை வன உயிரினக் காப்பாளர் என்ன நினைக்கிறாரோ அதுவே விடை. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் நிர்வாகமே வாடகைக்குச் சைக்கிள் தருகிறது. கன்ஹேரி குகைகளுக்குச் செல்லும் தார்ச் சாலையில் குடும்பத்தோடு ஓட்டலாம். அங்கேயும் சிறுத்தைகள் உண்டு. ஆனால் தார்ச் சாலையில் ஓட்டுவது வேறு, புதர் நடுவே ஒற்றையடிப் பாதையில் பாய்வது வேறு.

ஒதுக்கப்பட்ட காடுகளில் அத்துமீறி நுழைவதை 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 26-வது பிரிவில் தடை செய்கிறது. அக்குற்றத்துக்கு இருந்த ஆறு மாதச் சிறைத் தண்டனையை 2023-இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் நீக்கிவிட்டது. எஞ்சியது ரூ.500 வரை அபராதம். மலைப்பாதை சைக்கிளின் நல்ல டயர் ஒன்று அதைப் போல் பல மடங்கு விலை.

சக்கரம் செய்யும் தீங்கு எவ்வளவு?

காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது மண்ணை அரிக்கும் என்பது பரவலாகக் கூறப்படும் குற்றச்சாட்டு. ஆய்வுகள் இதை அப்படியே ஏற்கவில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சைக்கிள் சக்கரத்தைக் காட்டிலும் குதிரைக் குளம்பும் மனிதக் காலடியும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன என்று தெரியவந்தது. ஈரமான பாதையில் இந்த வேறுபாடு மேலும் கூடுதலாக இருந்தது. பாதை எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதே முக்கியம். குன்றின் சரிவுக்கு நேர் கீழாக இறங்கும் பாதை, யார் நடந்தாலும், முதல் மழையில் ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே, சமவுயரத்தை ஒட்டிப் போகும் பாதையில் நீர் தேங்காமல் குறுக்கே வடிந்துவிடும். பாதையின் சாய்வு குன்றின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது வெளிநாட்டுப் பாதை அமைப்பாளர்கள் பின்பற்றும் எளிய விதி.

ஆரவல்லியில் இந்த விதி பெரும்பாலும் மீறப்பட்டே இருக்கிறது. ஏனெனில் லாரித் தடங்களைப் போட்டவர்களுக்குக் கல் எடுப்பதே நோக்கம். பாறை மீது சில அங்குலமே மண் படிந்துள்ள குன்றுகள் இவை. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில்தான் குன்றுகள் பச்சைப் பசேலென்று காட்சியளிக்கின்றன. அப்போதுதான் சைக்கிள்களும் அதிகம் வருகின்றன.

மண்ணைக் காட்டிலும் விலங்குகள் குறித்த கேள்வியே கடினமானது. யூட்டா மாநிலத்தின் ஒரு தீவில் 2003-இல் வெளியான ஆய்வு, நடப்பவரைக் கண்டு மான்கள் எவ்வளவு மிரண்டனவோ அவ்வளவே சைக்கிளில் வருபவரைக் கண்டும் மிரண்டன என்று கண்டது. இது சைக்கிள் தரப்புக்குச் சாதகம். ஆனால் அதே ஆய்வு, பாதையிலிருந்து 100 மீட்டருக்குள் நிற்கும் விலங்கு அவ்விடத்தை விட்டு ஓடுவதற்கான வாய்ப்பு சுமார் 70 சதவீதம் என்றும் கணக்கிட்டது. இருபுறமும் 100 மீட்டர் எனில், ஒரு கிலோமீட்டர் பாதை 20 ஹெக்டேர் காட்டைக் கலைக்கிறது. 380 ஏக்கர் பூங்காவில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாதை போட்டால் விலங்கு நிம்மதியாக நிற்க இடமே இராது. தில்லியின் நீல்காய்களும் நரிகளும் மனிதருக்குப் பழகியவை, யூட்டாவின் மான்களைப் போல் அவை ஓடமாட்டா என்று வாதிடலாம். எனினும், புறநகர்க் காடு சிறியது என்ற உண்மை அந்த வாதத்தால் மாறாது. நடப்பவர் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கைச் சைக்கிள் கடந்துவிடும் என்பதையும், ஓசையின்றி வளைவில் திரும்பும் சைக்கிள் திடுக்கிடும் சந்திப்புகளை உண்டாக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது. சிறுத்தை உள்ள காட்டில் திடுக்கிடல் விளையாட்டல்ல.

அமெரிக்கர்கள் இந்தச் சண்டையை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்டு முடித்தார்கள். முடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் வட்டாரத்துக் குன்றுகளில் 1976-இல் பழைய சைக்கிள்களைக் கொண்டு இளைஞர்கள் நடத்திய பந்தயங்களில்தான் இவ்விளையாட்டு பிறந்தது. இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றுவிட்டது. பிறந்த ஊரிலோ, நடப்போரும் குதிரையேறுவோரும் கொடுத்த புகார்களால் குறுகிய பாதைகளில் சைக்கிள் தடை செய்யப்பட்டது. அகன்ற பாதைகளில் மணிக்கு 15 மைல், வளைவுகளில் 5 மைல் என்று வேகக் கட்டுப்பாடு வந்தது. இத்தகைய தடைகளை எதிர்கொள்ளவே 1988-இல் அங்கு சைக்கிள் ஓட்டிகளின் சங்கங்கள் ஒன்றிணைந்தன. பாதையைத் திறந்துவிடுமாறு கேட்பதோடு நில்லாமல், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதையைப் பராமரிக்கவும் முன்வந்தன. இந்தியாவில் இந்த இரண்டாம் பகுதி இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது.

ஓட்டமும் கூச்சலும்

சைக்கிள் ஓட்டிகளுக்கு நாடாளுமன்றத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். 2023 மார்ச் 29-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமான வனப் பாதுகாப்புத் திருத்த மசோதாவே அந்த வேலையைத் தந்தது. எல்லைப் பகுதியில் பாதுகாப்புத் திட்டங்களுக்கு விலக்கு என்பதே அதன் வெளிப்படையான நோக்கமாகப் பேசப்பட்டது. ஆனால் உள்ளே, காடு சாராத பயன்பாடு என்று எவை கருதப்படமாட்டா என்ற பட்டியலில் உயிரியல் பூங்கா, சஃபாரி, 'சூழல் சுற்றுலா வசதிகள்' ஆகியவை சேர்க்கப்பட்டிருந்தன. வனத்துறையின் செயல் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டால் போதும். மத்திய அரசின் முன் அனுமதி தேவையில்லை.

சூழல் சுற்றுலா வசதி என்றால் என்ன? ஓர் ஒற்றையடிப் பாதையும் அதுவே. அப்பாதையின் தொடக்கத்தில் கார் நிறுத்துமிடம், உணவகம், தங்கும் குடில், இசை மேடை ஆகியவையும் அதுவே ஆகலாம். சைக்கிள் தடத்துக்குச் சட்டத்தில் கிடைத்த முதல் வாசல் இது என்று சில ஆர்வலர்கள் மகிழ்ந்தனர். அந்த வாசல் சைக்கிளின் அகலத்துக்கு மட்டும் வெட்டப்பட்டதல்ல என்பதைப் பலர் உடனே உணர்ந்தனர்.

சுற்றுச்சூழல் துறைக்கான நிலைக்குழுவுக்கு அனுப்பாமல் மசோதாவைக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பியதை, நிலைக்குழுத் தலைவராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் கண்டித்தார். ராஜேந்திர அகர்வால் தலைமையிலான கூட்டுக் குழு, ஏராளமான மனுக்களைப் பெற்றுக்கொண்டு, மசோதாவில் மாற்றம் ஏதும் செய்யாமல் ஜூலையில் திருப்பி அனுப்பியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர். ஜூலை 26-ஆம் தேதி மக்களவையில் மணிப்பூர் விவகாரத்தில் கூச்சல் ஓங்கி நின்ற வேளையில், காடு என்ற சொல்லின் பொருளையே மாற்றும் மசோதா சொற்ப நேர விவாதத்தில் நிறைவேறியது. எதிர்க்கட்சியினரின் முழக்கம் நியாயமானதே. ஆயினும் அன்று அவையின் மையப் பகுதியில் நின்றவர்கள், தங்கள் இருக்கையில் அமர்ந்து எழுப்பியிருக்கக் கூடிய கேள்விகளும் அத்துடன் போயின. ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவை ஒப்புதல் தந்தது. டிசம்பர் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் பூபேந்தர் யாதவ், 2024 தேர்தலில் வெற்றி பெற்ற தொகுதி அல்வர். ஆரவல்லியின் மடியில் உள்ள தொகுதி அது.

அச்சட்டம் ஆரவல்லியைத் தொடுவதற்குக் காரணம் உண்டு. அரசுப் பதிவேட்டில் காடு என்று குறிக்கப்படாத நிலங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு பொருந்தாது என்பது அதன் சாரம். ஹரியாணாவின் வனப்பரப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு பரப்பிலும், ஆரவல்லிக் காட்டில் கணிசமான பகுதி கிராமப் பொது நிலமாக இருந்து பின்னர் பங்கிடப்பட்டுத் தனியார் பெயருக்குச் சென்றவை. 1900-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றே அவற்றைப் பல பத்தாண்டுகளாகக் காத்து வந்தது. 2019 பிப்ரவரியில் ஹரியாணா சட்டப்பேரவை அதைத் திருத்த, சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. அச்சட்டத்தின் 4-வது பிரிவின்கீழ்ச் சிறப்பாணை உள்ள நிலங்கள் காட்டுக்கு நிகரானவை என்று 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது.

புதிய சட்டத்துக்கு எதிரான வழக்கில் 2024 பிப்ரவரி 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவு, 1996 டிசம்பர் 12 தீர்ப்புக்கே எல்லாரையும் திருப்பி அழைத்துச் சென்றது. பதிவேடு எதுவாயினும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்று சொன்ன தீர்ப்பு அது. டி.என். கோதவர்மன் திருமுல்பாடு என்ற நிலம்பூர் அரச குடும்பத்தவர், நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரம் வெட்டப்படுவதைப் பொறாமல் 1995-இல் தொடுத்த வழக்கு அது. கூடலூர் மரங்களுக்காகத் தொடங்கியது, இன்றளவும் ஆரவல்லியின் முட்புதர்களைக் காத்து நிற்கிறது. சஃபாரி, உயிரியல் பூங்கா எதற்கும் தன் அனுமதியின்றித் தொடக்கமில்லை என்றும் நீதிமன்றம் அன்று கூறியது. குருகிராம், நூஹ் மாவட்டங்களில் 10,000 ஏக்கரில் ஹரியாணா அரசு திட்டமிட்ட ஆரவல்லி சஃபாரிப் பூங்காவுக்கும் 2025 அக்டோபரில் தடை விழுந்தது.

மாங்கரின் கோயில் காடு

ஃபரீதாபாத் மாவட்டத்தின் மாங்கர் பணி நம்மூர்க் கோயில் காட்டைப் போன்றது. அங்கே சமாதியான குதரியா தாஸ் பாபாவின் பெயரால், சுற்றியுள்ள குஜ்ஜர் கிராமத்தார் தலைமுறைகளாக ஒரு கிளையையும் ஒடிப்பதில்லை. சீமைக் கருவேலம் நுழையாத தௌ மரக் காடு இன்றும் அடர்ந்து நிற்பதற்கு வனத்துறை காரணமல்ல, அந்தக் கட்டுப்பாடே காரணம். 2016-இல் ஹரியாணா அரசு இக்காட்டையும் சுற்றிலும் 500 மீட்டர் பகுதியையும் கட்டுமானத் தடைப் பகுதியாக அறிவித்தது.

நகரத்தாரின் சைக்கிள் குறித்த விவாதங்களில் இத்தகைய கிராமத்தாரின் பேச்சு அபூர்வமாகவே கேட்கிறது. மேய்ச்சலுக்குச் சென்ற ஆட்டுக்காரரை வனக் காவலர் தடுக்கிறார். அதே பாதையில் தலைக்கவசத்துடன் வருபவரைப் பார்த்து வழிவிடுகிறார் என்ற மனக்குறை இந்தியக் காடுகளின் ஓரம் எங்கும் உண்டு. காட்டில் நுழைவது உரிமையா சலுகையா என்பதை ஆடையை வைத்து முடிவு செய்வது சட்டமாகாது. பாதையை உண்டாக்கியவர்கள் ஆட்டுக்காரர்கள் என்பதை நினைவில் கொண்டால், சைக்கிள் ஓட்டிகளுக்கான விதிமுறை எழுதும்போது முதலில் கேட்க வேண்டியது யாரை என்பதில் குழப்பம் இராது.

மறுபுறம், காட்டுக்குள் ஆள் நடமாட்டம் இருப்பதே காவல் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பெங்களூரின் தெற்கே கனகபுரா சாலையை ஒட்டிய துரஹள்ளிக் காடு மலைப்பாதை சைக்கிள் ஓட்டிகளுக்கும் பாறை ஏறுவோருக்கும் பழக்கமான இடம். 2021-இன் தொடக்கத்தில் அங்கே மரப் பூங்கா என்ற பெயரில் நடைபாதை, கட்டுமானம் என்று அரசு திட்டமிட்டபோது, காட்டைக் காடாக விட்டுவிடுங்கள் என்று வீதிக்கு வந்தவர்களில் சைக்கிள் ஓட்டிகளும் இருந்தனர். அரசு பின்வாங்கியது. தங்களுக்கு வசதி செய்து தருவதாகச் சொன்ன திட்டத்தையே அவர்கள் எதிர்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு தில்லியின் சத்பரி சான்று. 2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜ் பகுதியில் சாலை விரிவாக்கத்துக்காகச் சுமார் 1,100 மரங்கள் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியின்றி வெட்டப்பட்டன. வெட்டிய பிறகே அனுமதி கேட்டு தில்லி வளர்ச்சி ஆணையம் நீதிமன்றத்துக்கு வந்தது. 2025 மே மாதம் அதிகாரிகள் நீதிமன்ற அவமதிப்பு செய்தனர் என்று தீர்ப்பு வந்தது. இதே ஆணையம்தான் தலைநகரின் பசுமைப் பகுதிகளை இணைத்து 200 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அமைக்கப் போவதாக அறிவித்து, 2020 ஜனவரியில் உள்துறை அமைச்சர் அமித் ஷாவைக் கொண்டு அடிக்கல் நாட்டியது.

100 மீட்டர்

2025 நவம்பர் 20-ஆம் தேதி, சுற்றியுள்ள நிலத்திலிருந்து 100 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் மட்டுமே ஆரவல்லிக் குன்று என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சுரங்கங்களை முறைப்படுத்தவே இந்த வரையறை என்று மத்திய அரசு விளக்கியது. ராஜஸ்தானில் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த 12,081 குன்றுகளில் 1,048 மட்டுமே இந்த அளவுகோலைத் தாண்டும் என்று இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கு பத்திரிகைகளில் வெளியாக, ராஜஸ்தான் முதல் தில்லி வரை போராட்டங்கள் வெடித்தன. குருகிராமிலும் தில்லியிலும் உள்ள குன்றுகள் மிகப் பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டாதவை. சைக்கிள்கள் ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் எல்லாம், ஒரே வரியில், ஆரவல்லியில் இல்லாதவை ஆகியிருக்கும். டிசம்பர் 29-ஆம் தேதி நீதிமன்றம் தன் உத்தரவைத் தானே நிறுத்தி வைத்து, மறு ஆய்வுக்கு நிபுணர் குழு தேவை என்றது.

இதற்கிடையே தில்லியில் ஒன்று நடந்தது. 1994 மே மாதம் ரிட்ஜ் பகுதியை ஒதுக்கப்பட்ட காடாக்கும் நோக்கத்தை மட்டும் அறிவித்துவிட்டு அரசு அமர்ந்திருந்தது. எல்லை அளந்து, உரிமைகளை விசாரித்து, இறுதி அறிவிக்கை வெளியிடும் வேலை 31 ஆண்டுகள் நகரவில்லை. 2025 டிசம்பரில் தெற்கு ரிட்ஜின் சுமார் 4,080 ஹெக்டேருக்கு அந்த இறுதி அறிவிக்கை வெளியாயிற்று. ரிட்ஜ் மேலாண்மை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தர வேண்டும் என்று அதற்கு முந்தைய மாதம்தான் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது.

இறுதி அறிவிக்கை வந்த காட்டில் இந்திய வனச் சட்டத்தின் 25-வது பிரிவு உயிர் பெறுகிறது. மாநில அரசின் ஒப்புதலோடு எந்தப் பாதையையும் மூடிவிட வன அதிகாரிக்கு அது அதிகாரம் தருகிறது. நிபந்தனை ஒன்றே: மூடும் பாதைக்குப் பதிலாக வசதியான மாற்றுப் பாதை ஏற்கெனவே இருக்க வேண்டும், அல்லது புதிதாகத் தரப்பட வேண்டும். ஆட்டுக்காரருக்கும், விறகு சுமக்கும் பெண்ணுக்கும், சைக்கிளில் வருபவருக்கும் ஒரே மாற்றுப் பாதை வசதியாக இருக்குமா என்று 1927-ஆம் ஆண்டின் சட்டம் சொல்லவில்லை.